சகாயமேரி சிஸ்டர் வண்டி ஏறிய நாள்

நான் வேலை பார்த்த பிரிவில் புதிதாக ஒரு மென்பொருள் வந்திருக்கிறதாம். மேமோகிராம் படத்தைக் கம்ப்யூட்டரே பார்த்து, சந்தேகமான இடத்தில் வட்டம் போட்டுக் காட்டுகிறதாம். நான் ஓய்வு பெற்று முழுசாக ஒரு வருஷம்கூட ஆகவில்லை, அதற்குள் இந்தக் கூத்து! போன வாரம் ஜூனியர் பெண்கள் இரண்டு பேர் வீட்டுக்கு வந்து, "மேடம், உங்க காலத்துல எப்படி மேடம் பண்ணுவீங்க?" என்று ஆரம்பித்தார்கள். என்னவோ நான் கூண்டு வண்டிக் காலத்து மனுஷி மாதிரி. முதலில் கோபம்தான் வந்தது. பிறகு சகாயமேரி சிஸ்டர் கதையை எடுத்தேன். அவர்கள் கையிலிருந்த காபி ஆடை கட்டிப் போனது. போகும்போது, "இதை அப்படியே எழுதிடுங்க மேடம்" என்றார்கள். எழுதிவிட்டேன். நடுவில் நான் கொஞ்சம் கத்தினாலும் பொறுத்துக்கொள்ளுங்கள், என் சுபாவம் அப்படி.

என் பெயர் தனலட்சுமி. எல்லோருக்கும் தனம். பெண்களின் மார்பை எக்ஸ்ரே எடுப்பது என் வேலை. படித்தது சாதாரண எக்ஸ்ரே டெக்னீஷியன் படிப்புதான். ஆரம்ப வருஷங்கள் இருட்டறையில் பிலிம் கழுவியே போயின. கையில் எந்நேரமும் மருந்து வாடை. சோறு பிசைந்தால் சோற்றிலும் அதே வாடை. கை, கால், நெஞ்சு, முதுகு என்று எடுத்துக்கொண்டிருந்தவளை, விழுப்புரத்தில் எங்கள் மருத்துவமனைக்கு மேமோகிராம் இயந்திரம் வந்ததும், பெண் என்ற ஒரே தகுதிக்காக அதில் தூக்கிப் போட்டார்கள். சென்னைக்கு அனுப்பிக் கொஞ்ச நாள் பழக்கினார்கள். திரும்பி வந்த மறுநாளே அறைக்கு வெளியே ஆள் உட்கார்ந்திருந்தது.

இந்த வேலையில் இயந்திரம் பாதி, கை பாதி. வருகிறவரை நேராக நிற்க வைத்து, பாதத்தைக் கொஞ்சம் திருப்பி, தோளை இறக்கச் சொல்லி, மார்பைக் கீழிருந்து உள்ளங்கையால் ஏந்தித் தட்டின் மேல் வைக்க வேண்டும். சும்மா வைத்தால் போதாது. உள்பக்கம் மாட்டிக்கொண்டிருப்பதை முன்னால் இழுத்து, தோலில் சுருக்கம் இல்லாமல் நீவி, அதன் பிறகுதான் மேல்தட்டை இறக்க வேண்டும். முக்கால்வாசி காலால் மிதித்து இறக்குவேன். கடைசிக் கால்வாசி கையால் திருகித்தான். அந்தக் கால்வாசியில்தான் படமே இருக்கிறது. மேலிருந்து ஒன்று, சாய்வாக ஒன்று, இரண்டு பக்கமும். அக்குளில் பவுடர் இருந்தால் துடைக்க வேண்டும். இல்லாவிட்டால் படத்தில் வெள்ளை வெள்ளையாகத் தெரியும். தாலியை முதுகுப் பக்கம் தள்ள வேண்டும். நம் பெண்கள் தாலிச் சரட்டில் ஊக்கு மாட்டி வைத்திருப்பார்களே, அதையும் கழற்ற வேண்டும். வளவனூர் அம்மா ஒருவரின் படத்தில் ஊக்குக் கொத்து அப்படியே விழுந்திருந்தது. எங்கள் டாக்டரம்மா அதைப் பார்த்துவிட்டு, "நல்ல ஸ்டீல் ஊக்கு, துருப்பிடிக்கல" என்று சொல்லி என்னை மறுபடி எடுக்க அனுப்பினார்.

டாக்டரம்மா என்றால் படம் பார்த்து முடிவு எழுதும் ரேடியாலஜிஸ்ட். அதிகம் பேச மாட்டார். எல்லாவற்றுக்கும் ஒரு "ம்"தான். படம் சுத்தமாக இருந்தால் சின்ன "ம்". ஏதாவது இருந்தால், நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பெரிய "ம்ம்ம்". நானும் கூடவே நிற்பேன். ஆனால் வெளியே போய் வாயைத் திறக்கக் கூடாது. படம் எடுக்கிறவள் முடிவு சொல்லக் கூடாது, முகத்திலும் ஒன்றையும் காட்டக் கூடாது. என்னைப் போன்ற வாயாடிக்கு அது என்ன பாடு என்று நினைத்துப் பாருங்கள்!

இனி சகாயமேரி சிஸ்டர். முகையூர்க்காரர், சீனியர் நர்ஸ். பெண்கள் வார்டுக்கும் வெளியூர் முகாம்களுக்கும் அவர்தான் பொறுப்பு, எனக்கும் அவர்தான் மேலே. கழுத்து வரைக்கும் பவுடர், கையில் கறுப்புக் குடை, வராந்தாவின் அந்தக் கோடியில் நின்று கூப்பிட்டால் இந்தக் கோடியில் இருக்கிறவள் கையிலிருந்து டிரே நழுவும். ஆபரேஷனுக்குப் போகிற ஒவ்வொரு பெண்ணின் ஸ்ட்ரெச்சர் பக்கத்திலும் தியேட்டர் கதவு வரை நடப்பார். "சின்ன ஆபரேஷன்தான். எறும்பு கடிச்சாப்பல இருக்கும். போய்ட்டு வா, நான் இங்கயே நிக்கிறேன்" என்பார். நிற்கவும் செய்வார். அந்த வாக்கியத்தை எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பாரோ, கடவுளுக்குத்தான் தெரியும். எங்களைத் திட்டும்போது மட்டும் வாயில் எறும்பு கிடையாது, தேள்தான்.

சில வருஷங்களுக்கு முன்பு எங்களுக்கு ஒரு வண்டி வந்தது. பஸ் மாதிரி நீளம். உள்ளே மேமோகிராம் இயந்திரம், கண்ணாடித் தடுப்பு, கம்ப்யூட்டர், ஏசி. ஊர் ஊராகப் போய்ப் பெண்களுக்குப் பரிசோதனை செய்யலாம். எனக்குத் தலைகால் புரியவில்லை! திண்டிவனத்தை ஒட்டி ஒரு கிராமத்தில் கல்யாண மண்டபத்துக்கு முன்னால் வண்டியை நிறுத்தினோம். மண்டபத்தில் சர்க்கரை, பிரஷர் பார்த்தார்கள், அங்கே கூட்டம் அள்ளியது. வண்டியில் ஏறத்தான் ஒரு ஈ காக்கை இல்லை. பெண்கள் எல்லோரும் மண்டப நிழலில் உட்கார்ந்து, எங்கள் வண்டியை ஏதோ கரடிக் கூண்டைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அந்தக் கூட்டத்துக்குத் தலைவி பவுனம்மா. மல்லாட்டை பிடுங்க (வேர்க்கடலைக்கு எங்கள் பக்கம் அதுதான் பேர்), களை எடுக்க ஆள் வேண்டுமென்றால் அவளிடம்தான் சொல்ல வேண்டும். அவள் எழுந்தால் எல்லோரும் எழுவார்கள், அவள் குந்தினால் எல்லோரும் குந்துவார்கள். அன்றைக்கு நன்றாகக் குந்தியிருந்தாள். சிஸ்டர் நேராக அவளிடம் போனார்.

"இன்னா சிஸ்டரு, உள்ள போனா மெஷின்ல வச்சு நசுக்குறாங்களாமே?" என்று பவுனம்மா கேட்டாள்.

"நசுக்கறதெல்லாம் இல்ல. அழுத்திப் பிடிப்பாங்க. ரெண்டு மூச்சு விடற நேரம், அவ்ளோதான்."

"நீங்க எடுத்துக்கினீங்களா?"

நான் வண்டிப் படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். சிஸ்டர் ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் யாருக்குத் தெரியப் போகிறது? ஆனால் அந்த அம்மாவுக்குப் பொய் வராது. வாயைத் திறந்தார், மூடினார், "இல்ல" என்றார்.

நிழலில் இருந்த அத்தனை பெண்களும் சிரித்தார்கள். பவுனம்மா கையைத் தட்டினாள். "அட, நல்லா இருக்குதே ஞாயம்! ஊருக்கெல்லாம் சொல்றவங்க நீங்களே எடுத்துக்கல. எங்கள வந்து ஏறு ஏறுன்றீங்க. மொதல்ல நீங்க ஏறுங்க. அப்பால நாங்க ஏறுறோம்."

சிஸ்டர் குடையை மடக்கி டிரைவர் கையில் கொடுத்தார். "தனம், மெஷினைப் போடு!" என்று ஒரு சத்தம். மண்டபமே திரும்பிப் பார்த்தது. பவுனம்மா விடவில்லை. "நானும் உள்ள வந்து பாப்பேன். கதவ சாத்திக்கினு சும்மா நின்னுட்டு வந்துட்டீங்கன்னா?" என்று பின்னாலேயே ஏறினாள். அவளைக் கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் என்னோடு நிறுத்திக்கொண்டேன்.

வாழ்க்கையில் முதன்முறையாக நான் சிஸ்டரை அதட்டினேன். ரொம்ப சந்தோஷமாக அதட்டினேன்! "தோளை இறக்குங்க சிஸ்டர்." "இறக்கித்தான் இருக்கேன்." "இறக்கல. பல்லைக் கடிக்காதீங்க. முகத்தை அந்தப் பக்கம் திருப்புங்க." வலது பக்கம் இரண்டு படமும் அருமையாக வந்தன. பவுனம்மா திரையைப் பார்த்து, "மல்லாட்டைச் செடி வேராட்டம் இருக்குதே!" என்று வியந்தாள். அதன் பிறகு இடது பக்கம். தட்டை இறக்கினேன், மூச்சைப் பிடிக்கச் சொன்னேன், பொத்தானை அழுத்தினேன். படம் திரையில் வந்தது.

மேல்பக்கம், அக்குளை நோக்கி, ஒரே இடத்தில் கூட்டமாகச் சின்னச் சின்ன வெள்ளைப் புள்ளிகள்.

எனக்கு முதலில் பவுடர் என்றுதான் தோன்றியது. அந்த அம்மாவின் பவுடர் ஊரறிந்தது. ஏறியதும் துடைத்தேனா? துடைத்தேன். சரியாகத் துடைத்திருக்க மாட்டேன் என்று சொல்லிக்கொண்டேன். உள்ளே போய் ஈரத் துணியால் அக்குளிலிருந்து மார்பு வரை அழுத்தித் துடைத்தேன். "எதுக்குடி இன்னொரு தரம்?" என்றார் சிஸ்டர். "பவுடர் சிஸ்டர். திருநீறு மாதிரி அப்பியிருக்கீங்க" என்றேன். இரண்டாவது படம் வந்தது. புள்ளிகள் அதே இடத்தில், அதே கூட்டமாக.

பவுனம்மா திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுவந்தாள். "இன்னாம்மா இது, அரிசி நொய்யாட்டம் இருக்குது? தொடச்சும் போவலியே?"

முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டு, "படத்த டாக்டரம்மாதான் பாத்துச் சொல்லணும்" என்றேன். தடுப்புக்கு அந்தப் பக்கம் சிஸ்டர் ரவிக்கைக் கொக்கி மாட்டிக்கொண்டிருந்தார். கை ஒரு நொடி நின்றது. அப்புறம் மிச்சக் கொக்கிகளையும் மாட்டி, புடவையைச் சரிசெய்து, படியில் போய் நின்று, "ஒண்ணும் வலிக்கல! வாங்க வாங்க!" என்று அவர் குரலிலேயே கூப்பிட்டார். பெண்கள் திபுதிபுவென்று வந்தார்கள். பவுனம்மா மட்டும் எப்போது நழுவினாளோ, காணோம்.

திரும்பும்போது சிஸ்டர் என் பக்கத்தில் உட்கார்ந்தார். விக்கிரவாண்டி தாண்டியது. அப்புறம், "இடது பக்கமா?" என்றார்.

"சிஸ்டர், நான் வந்து..."

"நீ சொல்ல வேண்டாம். ரெண்டு தரம் எடுத்தியே, அது போதும்." என் பக்கம் சாய்ந்து, "வெளியில ஒருத்திக்கும் தெரியக் கூடாது தனம். தெரிஞ்சா இந்த வண்டியில அப்புறம் எவளும் ஏற மாட்டா" என்றார். எனக்கு அழுகை வந்தது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மறுநாள் விழுப்புரத்தில், புள்ளிகள் இருந்த இடத்தை மட்டும் பெரிதாக்கிப் படம் எடுத்தேன். டாக்டரம்மா நாற்காலியை முன்னால் இழுத்தார். மூக்குக் கண்ணாடி நெற்றிக்கு ஏறியது. "ம்ம்ம்."

பிறகு சிஸ்டரை உட்கார வைத்து, எதையும் பூசி மெழுகாமல் சொன்னார். "சுண்ணாம்புத் துகள். நிறைய பேருக்கு இருக்கும், பெரும்பாலும் ஒண்ணும் இல்லாததா இருக்கும். ஆனா இது ஒரே இடத்துல கூடி நிக்குது, அளவும் ஒண்ணுக்கொண்ணு வேற மாதிரி இருக்கு. கையில தட்டுப்படாது. அதனால படத்தப் பாத்து ஒரு கம்பி வச்சுக் காட்டறேன். அந்தக் கம்பி முனையச் சுத்தி இருக்கற சதைய சர்ஜன் எடுப்பாரு. டெஸ்ட்டுக்கு அனுப்பினாதான் என்னன்னு தெரியும். சின்ன ஆபரேஷன்தான்."

"டாக்டர், அது என்னோட வசனம்" என்றார் சிஸ்டர். "எங்கிட்டயே சொல்றீங்களா?" சிரிக்கத்தான் சொன்னார். ஆனால் மடியிலிருந்த குடையின் பட்டனை மாட்டுவதும் கழற்றுவதுமாக இருந்தார்.

ரகசியம் எங்கே தங்கும்? திண்டிவனத்தில் பவுனம்மா தன் கண்ணாலேயே திரையில் பார்த்தவள் ஆயிற்றே. அடுத்த முகாமுக்குப் பக்கத்து ஊருக்குப் போனோம். மண்டபத்தில்கூட ஆள் இல்லை. விசாரித்தால், ஊருக்கே ஒரு கதை தெரிந்திருந்தது. மெஷினில் வைத்து அழுத்தியதில் சிஸ்டருக்கு உள்ளே நொய் நொய்யாக உடைந்துவிட்டதாம். ரைஸ்மில்லில் அரிசி உடைகிற மாதிரி! அன்றைக்கு வண்டியில் ஏறிய பெண் ஒருத்தி என் கையைப் பிடித்துக்கொண்டு, "எனக்கும் ஒடஞ்சிருக்குமாம்மா?" என்று அழுதாள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. ஆனால் யார் மேல் கோபப்படுவது? நெல் அவித்து, உமி நீக்கி, நொய் புடைத்துப் பழகியவர்களுக்கு அப்படித்தானே தோன்றும். வண்டியை மூடிக்கொண்டு திரும்பினோம். எங்கள் டிரைவர் மட்டும் டீக்கடையில் உட்கார்ந்து, சிஸ்டருக்கு எந்தக் கிழமை ஆபரேஷன் என்பதையும் சொல்லிவிட்டு வந்தார் என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

அந்தக் கிழமையும் வந்தது. காலையில் முதல் வேலை கம்பி வைப்பது. சிஸ்டரை நாற்காலியில் உட்கார வைத்தேன். ஜன்னல் போல நடுவில் திறப்பு உள்ள தட்டால் மார்பை அழுத்திப் பிடித்தேன். திறப்பின் ஓரத்தில் எழுத்தும் எண்ணும் போட்டிருக்கும், கணக்கு நோட்டுக் கட்டம் மாதிரி. படத்தில் புள்ளிகள் எந்தக் கட்டத்தில் விழுகின்றன என்று பார்த்து, அங்கே மரப்பு ஊசி போட்டு, டாக்டரம்மா நீள ஊசியை உள்ளே செலுத்தினார். ஊசிக்குள் மயிர் போல மெல்லிய கம்பி. அதன் முனையில் சின்னக் கொக்கி, மீன் முள் மாதிரி. ஊசியை உருவினால் கம்பி உள்ளேயே மாட்டிக்கொண்டு நிற்கும். மறுபடி படம். கொக்கி புள்ளிகளுக்கு நடுவில் கச்சிதமாக உட்கார்ந்திருந்தது. கைதட்ட வேண்டும் போல இருந்தது எனக்கு! வெளியே நீட்டிக்கொண்டிருந்த மிச்சக் கம்பியைச் சுருட்டி, பிளாஸ்திரி போட்டு, அதன் மேல் ஒரு காகித டீ கப்பைக் கவிழ்த்து ஒட்டினேன், எதுவும் இடிக்கக் கூடாதென்று.

"எல்லாருக்கும் டீ குடுப்பாங்க. எனக்குக் கப்பு மட்டுந்தானா?" என்றார் சிஸ்டர்.

சக்கர நாற்காலியில் வைத்து வராந்தாவில் தள்ளிக்கொண்டு போகிறேன். எதிரே படை! பவுனம்மா முன்னால், பின்னால் அவள் கூட்டம் முழுவதும். ஆளுக்கொரு பை. பிரெட், ஹார்லிக்ஸ், ஆரஞ்சு, ஒருத்தி கையில் அவித்த மல்லாட்டைத் தூக்கு. தெரிந்த ஒருவர் ஆஸ்பத்திரியில் படுத்தால் போய்ப் பார்க்காமல் இருக்க முடியுமா? இரண்டு பஸ் மாறி வந்திருந்தார்கள். சிஸ்டரைப் பார்த்ததும் பவுனம்மா "ஐயோ சிஸ்டரு!" என்று ஓடி வந்து, மடியிலிருந்து மேல்மலையனூர் கோயில் திருநீற்றை எடுத்து, நேராகச் சிஸ்டரின் இடது மார்பில் பூசக் கையை நீட்டினாள்.

நான் கத்திய கத்தலில் ஓபிடி வரிசையே எழுந்து நின்றது. "தொடாத! கம்பி இருக்குது! தொடாத!"

பவுனம்மா அப்படியே சிலையாகிவிட்டாள். சிஸ்டர்தான் அவள் மணிக்கட்டைப் பிடித்து, மெதுவாக மேலே தூக்கி, "நெத்தியில வையி பவுனம்மா" என்றார். முகையூர் மாதா கோயிலில் ஞானஸ்நானம் வாங்கிய நெற்றியில் மேல்மலையனூர்த் திருநீறு ஏறியது. பவுனம்மா உடைந்து அழுதாள்.

"நான்தான சிஸ்டரு உங்கள ஏறச் சொன்னேன். என் வாய்தான். நான் அன்னிக்கு கம்முனு குந்திக்கினு இருந்திருந்தா உங்களுக்கு இது வந்திருக்குமா? ராவெல்லாம் தூக்கம் வரல. சோறு எறங்கல."

"இது மெஷினால வரல பவுனம்மா."

"என் கண்ணால பாத்தேனே. அழுத்தினாங்க, நொய்யா ஒடஞ்சிது."

"உங்க ஊர் போர்த் தண்ணிய குடத்துல ஊத்தி வக்கிறியே, அடியில வெள்ளையா படியுதே, அது ஒரே நாள்லயா படியுது?"

பவுனம்மா மூக்கைத் துடைத்துக்கொண்டு யோசித்தாள். "அதெப்படி? மாசக்கணக்கா ஊத்தி ஊத்தித்தான் படியும்."

"இதுவும் அப்படித்தான். உள்ளயே இருந்து இருந்து படிஞ்ச சுண்ணாம்பு. மெஷின் அத காட்டுச்சு, அவ்ளோதான்."

"அப்போ இது மின்னாடியே இருந்துச்சா?"

"இருந்துச்சு."

அவள் தலையை ஆட்டினாள். நம்பினாளா என்று சொல்ல முடியாது. "இன்னாவோ சிஸ்டரு, மனசு கேக்கல" என்றாள். எங்களோடு தியேட்டர் கதவு வரை நடந்து வந்தாள். சிஸ்டர் உள்ளே போகும் முன் பவுனம்மா சொன்னாள்: "போய்ட்டு வாங்க. நான் இங்கயேதான் நிப்பேன்." எத்தனையோ பேருக்குத் தான் சொன்னதைத் தனக்கு ஒருத்தி சொல்லக் கேட்டு, சிஸ்டர் அவள் கையை ஒரு தரம் அழுத்திப் பிடித்தார்.

இனிமேல்தான் என் ஓட்டம். சர்ஜன் கம்பியோடு சேர்த்துச் சதையை எடுத்ததும், எது மேல், எது பக்கம் என்று தெரிய அதில் நூல் தைத்துவிடுவார். குட்டை நூல் மேல்பக்கம், நெட்டை நூல் வெளிப்பக்கம். அதை டப்பாவில் வாங்கிக்கொண்டு என் அறைக்கு ஓடி, படம் எடுத்து, புள்ளிகள் எல்லாம் அதற்குள் வந்துவிட்டனவா என்று டாக்டரம்மாவுக்குக் காட்ட வேண்டும். அதுவரை நோயாளி மயக்கத்தில், காயம் திறந்தபடி இருப்பார். டப்பா கைக்கு வந்ததும் ஓட்டமும் நடையுமாகப் புறப்பட்டேன். வராந்தாவில் குந்தியிருந்த கூட்டம் மொத்தமாக எழுந்தது.

"இன்னாம்மா எடுத்துக்கினு ஓடுற?"

"அப்புறம் சொல்றேன்! வழிய விடுங்க, வழிய விடுங்க!"

பவுனம்மா விஷயத்தைப் பிடித்துக்கொண்டாள். "ஏய், காலை மடக்குங்கடி! ஜல்தியா போவட்டும்!" என்று வராந்தா முழுவதையும் எனக்கு ஒதுக்கிக் கொடுத்தாள்.

படம் வந்தது. கொக்கி நடுவில், புள்ளிகள் சுற்றிலும். எனக்கு மூச்சு வந்தது. டாக்டரம்மா மட்டும் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். "ம்ம்ம். நெட்டை நூல் பக்கம் ஓரத்துலயே ரெண்டு புள்ளி ஒட்டிக்கிட்டு இருக்கு. இன்னும் உள்ள மிச்சம் இருக்கலாம். வெளிப்பக்கம் இன்னும் கொஞ்சம் எடுக்கச் சொல்லு." போன் அடித்துச் சொன்னேன். அதற்கும் மேல், பொறுக்காமல் நானே தியேட்டர் கதவுக்கு ஓடினேன். இரண்டாவது துண்டு வந்தது. மறுபடி ஓட்டம். மறுபடி படம். அதில் மிச்சப் புள்ளிகள் நடுவில் இருந்தன, ஓரமெல்லாம் சுத்தம். டாக்டரம்மா சின்னதாக, ரொம்பச் சின்னதாக, "ம்" என்றார். அந்த ஒரு எழுத்துக்காக அவர் காலில் விழுந்திருப்பேன்.

ஆனால் படம் சுத்தம் என்றால் எல்லாம் எடுத்தாயிற்று என்றுதான் அர்த்தம். எடுத்தது என்ன என்பது பரிசோதனை முடிவு வந்தால்தான் தெரியும். அந்த நாட்களைப் போலப் பேஜாரான நாட்கள் எனக்கு வேறு இல்லை. "முடிவு வர்றப்ப வரும், போய் சோறு தின்னு" என்று வார்டில் எல்லோரையும் விரட்டும் சிஸ்டர், காலையும் மாலையும் எனக்குப் போன் போட்டு, "வந்திருச்சா?" என்று கேட்டார். கேட்டுவிட்டு அவரே, "சரி சரி, வர்றப்ப வரும்" என்று வைத்துவிடுவார்.

வந்தது. புற்றுதான். ஆனால் பிறந்த இடத்தை விட்டு நகராத புற்று. பால் குழாய்க்குள்ளேயே இருக்கிறது, சுவரைத் தாண்டவில்லை, எடுத்ததன் ஓரங்கள் முழுவதும் சுத்தம். புதுச்சேரிக்குப் போய்க் கொஞ்ச நாள் கதிர்வீச்சு எடுத்துக்கொண்டால் போதும். "இத இப்படியே விட்டிருந்தா, கட்டியா கையில தட்டுப்படும்போது கதையே வேற" என்றார் டாக்டரம்மா. அவ்வளவு நீளமாக அவர் பேசி நான் அதிகம் கேட்டதில்லை. நானும் சிஸ்டரும் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதோம், சிரித்தோம், திரும்ப அழுதோம். என் தோளெல்லாம் அவர் பவுடர்.

கண்ணைத் துடைத்ததும் சிஸ்டர் சொன்ன முதல் வார்த்தை: "தனம், வண்டிய எடுக்கச் சொல்லு. திண்டிவனம் போவணும்."

"இப்பவா சிஸ்டர்? தையல் பிரிச்சு நாலு நாள்தான்..."

"இப்பதான்."

அந்த ஊரில், மண்டபத்துக்குப் பக்கத்துக் களத்தில், பவுனம்மாவும் அவள் கூட்டமும் விதைக்கு மல்லாட்டை உடைத்துக்கொண்டிருந்தார்கள். சிஸ்டர் குடையைப் பிடித்துக்கொண்டு களத்தில் இறங்கி நடந்தார். பவுனம்மா எழுந்து நின்றாள். முகத்தில் ரத்தமே இல்லை.

"முடிவு வந்திடுச்சு பவுனம்மா. புத்துதான்."

"ஐயோ, மாரியாத்தா!" அவள் இரண்டு கையாலும் தலையில் அடித்துக்கொண்டாள். "நான் படுபாவி..."

"கைய எடு. முழுசா கேளு. அது ரொம்ப சின்னதா, உள்ளயே குந்திக்கினு இருந்துச்சு. வேரோட எடுத்துட்டாங்க. நான் பொழச்சிட்டேன்." சிஸ்டரின் குரல் அங்கேதான் உடைந்தது. "இத்தினி வருஷமா ஊருக்கெல்லாம் சொன்னேன், நான் எடுத்துக்கல. எந்த டாக்டரும் என்ன கேக்கல, எந்த நர்ஸும் கேக்கல. நீ ஒருத்திதான் கேட்ட. நீ அன்னிக்கு கேக்கலன்னா நான் அந்த வண்டியில ஏறியே இருக்க மாட்டேன். உன் வாய்தான் பவுனம்மா என்ன காப்பாத்துச்சு."

பவுனம்மா நின்ற இடத்திலேயே நின்றாள். மடியிலிருந்த மல்லாட்டை எல்லாம் களத்தில் கொட்டியது. சிஸ்டரின் முகத்தைப் பார்த்தாள், வண்டியைப் பார்த்தாள், மறுபடி சிஸ்டரைப் பார்த்தாள். அப்புறம் புடவைத் தலைப்பை உதறி இடுப்பில் செருகினாள்.

"எழுந்திருங்கடி!" என்று களம் அதிரக் கூப்பிட்டாள். "மல்லாட்டைய அப்பால ஒடச்சிக்கலாம். எழுந்திருங்க, எழுந்திருங்க!"

அவள்தான் முதலில் ஏறினாள். நான் தோளை இறக்கச் சொல்லும் முன்பே இறக்கினாள். தட்டை மெதுவாகத்தான் இறக்கினேன். அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டு சொன்னாள்: "பயந்து பயந்து அழுத்தாதம்மா. எங்க சிஸ்டருக்கு எடுத்தாப்பல எடு. ஒண்ணுத்தையும் உட்டுடாத."